அக்காவுக்காகச் செய்த ரிசோட்டோ

போன வருஷம் மார்கழி மாதம், காஞ்சிபுரத்தில் செவிலிமேடு பக்கம் நாங்கள் கட்டிய புது வீட்டில் நடந்தது இது. இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் கோபம் வந்து பாதியிலேயே பேச்சு வேறெங்கோ போய்விடும். எழுதினால் ஒழுங்காக வரும் என்று மகள் சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

நான் ஒரு பட்டுப்புடவைக் கடையில் வேலை செய்கிறேன். மெத்தை போட்ட மேடையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குப் புடவை பிரித்துக் காட்டும் வேலை. கடை முழுக்கக் கலைத்துப்போடச் சொல்லிவிட்டு, "இன்னும் ரெண்டு கடை பார்த்துட்டு வர்றோம்" என்று எழுந்து போவார்கள். சிரித்த முகம் மாறாமல் அத்தனையும் மடித்து அடுக்க வேண்டும். எனக்கோ பிறவியிலேயே முன்கோபம். அந்தக் கடையில் நான் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்ததற்குப் பக்கத்து மேடையில் இருந்த அக்காதான் காரணம். என்னைவிட நாலு வயது மூத்தவர். திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் குடும்பம். நான் முணுமுணுத்தால், "விடும்மா, அவங்க வீட்ல இன்னிக்கு என்ன சண்டையோ" என்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். கோபம் அத்தோடு போய்விடும்.

எங்கள் பக்கம் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் எந்த ஊர் என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னதும் அந்த ஊரில் எந்தத் தெரு என்பார்கள். அந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். நான் பிறந்து வளர்ந்த இடத்துக்குத் தெருப் பெயர் கிடையாது. காலனி என்றுதான் சொல்வார்கள். என் தாத்தா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். அப்பா லாரி ஓட்டினார். என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். கடையில் சேர்ந்த புதிதில் எல்லோரும் சுற்றிச் சுற்றி அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டார்கள். அக்கா மட்டும் கேட்கவே இல்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அக்கா இருட்டிய பிறகு எதையும் வாயில் வைக்க மாட்டார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். புடவைக் கடையில் சாயங்காலம்தான் கூட்டம். அதனால் வெயில் இறங்கியதும் அக்கா என்னைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். அவர் ஸ்டாக் ரூமுக்குள் போய் டப்பாவைத் திறப்பார். அவர் திரும்பி வரும்வரை இரண்டு மேடையும் என் பொறுப்பு. புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருமுறை, "கூட்ட நேரத்துல என்னம்மா டிபன் வேண்டிக் கெடக்குது" என்று சத்தம் போட்டார். அக்கா பயந்து டப்பாவை மூடிவிட்டார். நான்தான் எழுந்துபோய், அவங்க சாப்பிட்டுட்டுத்தான் வருவாங்க, அதுவரைக்கும் அவங்க கஸ்டமரையும் நானே பார்த்துக்கறேன், ஒரு புடவை குறைஞ்சாலும் என்னைக் கேளுங்க என்று சண்டை போட்டேன். அன்றிலிருந்து அந்த நேரத்தில் அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

மத்தியானம் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். அக்கா கொண்டுவரும் புளிச்சோறும் மோர்க்குழம்பும் அவ்வளவு ருசியாக இருக்கும். பாதி என் தட்டுக்கு வந்துவிடும். என் டப்பாவிலிருந்து மட்டும் அவர் ஒரு பருக்கை எடுத்ததில்லை. நான் அதைத் தப்பாக நினைக்கவில்லை. வெங்காயம், பூண்டு போட்டது அவர்களுக்கு ஆகாது. சரி என்று ஒருநாள் வெங்காயம் இல்லாமல் சாம்பார் வைத்துக்கொண்டு போனேன். அதில் உருளைக்கிழங்கு இருந்தது. மண்ணுக்குள் விளைகிற எதையும் அவர் வீட்டில் சேர்ப்பதில்லையாம். இன்னொரு நாள் வெறும் அவரைக்காய்ப் பொரியல். அப்போது, "நீ கறி சமைக்கிற சட்டிதானேம்மா, மனசு ஒப்ப மாட்டேங்குது, தப்பா எடுத்துக்காத" என்றார். அதுவும் நியாயம்தான். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாமல் அடுப்பு எரியாது. அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நான் மனதில் குறித்துக்கொண்டேன். எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முடியாது என்று சொன்னால் அதைச் செய்து பார்த்துவிட வேண்டும்.

அக்காவுக்குச் சர்க்கரை வந்தது. தீட்டின அரிசியைக் குறைத்துக்கொண்டு முழுத் தானியமாகச் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து அவர் போனில் எந்நேரமும் சமையல் வீடியோதான். ஒருநாள் சாப்பிடும்போது ஒன்றைக் காட்டினார். முழு கோதுமையும் தீட்டாத அரிசியும் போட்டு, அந்தந்தப் பருவத்துக் காய்களோடு குழைய வேகவைத்து, ஓவனில் வைத்து மேலே சிவக்க எடுக்கிறார்கள். பேக் செய்த ரிசோட்டோ என்று பெயர். இத்தாலி நாட்டுச் சாப்பாடு.

"பார்க்கவே எப்படி இருக்குது பாரு. இந்த மாதிரி ஒண்ணு ஒரு தடவையாவது சாப்பிட்டுப் பார்க்கணும்மா. எங்க வீட்ல ஓவனுக்கு எங்க போறது" என்றார் அக்கா.

எனக்குள் ஒரு மணி அடித்தது. என் மகள் கேட்டரிங் படித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு ஓட்டலில் சமையல் வேலையில் இருக்கிறாள். புது வீட்டுக்கு என்று அவள் ஆசைப்பட்டு வாங்கிய ஓவன் பெட்டி பிரிக்காமல் இருந்தது. அதில் கறி என்ன, முட்டைகூட வைத்ததில்லை. இன்னொன்றும் யோசித்தேன். சாம்பார், பொரியல் என்றால் உங்கள் வீட்டுப் பக்குவம், எங்கள் வீட்டுப் பக்குவம் என்று ஒரு பேச்சு வரும். இது எங்கோ கடல் தாண்டிய ஊரின் சாப்பாடு. காலனியிலும் யாரும் சமைத்ததில்லை, அக்கா வீட்டிலும் யாரும் சமைத்ததில்லை. எந்தத் தெரு என்று அதனிடம் கேட்க முடியாது. நான் எவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்கே அப்போது பெருமையாக இருந்தது.

கிரகப்பிரவேசத்துக்கு அக்கா வரவில்லை. அன்று அவருக்கு விரத நாள். மார்கழியில் கல்யாணம் கிடையாது, கடை ஈ ஓட்டும். இருவருக்கும் ஒரே நாளில் லீவு கிடைத்தது. "நாளைக்கு எங்க வீட்டுக்கு வர்றீங்க. உங்க ரிசோட்டோ ரெடியா இருக்கும். நாலு மணிக்கு வந்துட்டா இருட்டறதுக்குள்ள நிதானமா சாப்பிட்டுட்டுக் கிளம்பிடலாம்" என்றேன். அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "சீஸ் போடுவாங்களே. அதுல கன்னுக்குட்டி வயித்துலேருந்து எடுத்த எதையோ கலக்கறாங்களாமே" என்றார்.

"சீஸே போடப்போறதில்ல. பாலைத் திரிச்சு நானே பன்னீர் பண்றேன், முந்திரி அரைச்சு ஊத்தறேன். புதுச் சட்டி, புது ஓவன், புதுக் கரண்டி. போதுமாக்கா?"

"வர்றேம்மா. உனக்காகவே வர்றேன்" என்றார் சிரித்துக்கொண்டே.

மறுநாள் காலையிலேயே நானும் மகளும் தொடங்கிவிட்டோம். தானியத்தை முந்தின ராத்திரி ஊறவைப்பதுதான் முறை என்றாள் மகள். ராத்திரி ஊறியது அவர்களுக்கு ஆகாது என்று விடிந்த பிறகுதான் போட்டேன். சம்பா கோதுமையும் கைக்குத்தல் சீரகச் சம்பாவும். அவர்கள் வீட்டில் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் புழங்குவார்கள் என்று அக்கா எப்போதோ சொல்லியிருந்தார். புது வேட்டித் துணியைக் கிழித்துக் குழாயில் கட்டினேன். என் வீட்டுக்காரர் முகம் கழுவ வந்தவர், "இதென்ன, குழாய்க்குக் கட்டு போட்டிருக்க, அடிபட்டுடுச்சா" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மார்கழிக்கே உரிய காய்களாக வாங்கியிருந்தேன். பச்சை மொச்சை, அவரை, மஞ்சள் பரங்கி, இளம் சுரைக்காய், தக்காளி. காலிஃபிளவரை எடுத்துத் திரும்ப வைத்துவிட்டேன், பூவுக்குள் புழு இருக்கும் என்று அவர்கள் சேர்ப்பதில்லை. கேரட் கிடையாது. இஞ்சிக்குப் பதில் சுக்கு, வெங்காயம் பூண்டுக்குப் பதில் கொஞ்சம் பெருங்காயம். ஏதோ ஒரு வெளிநாட்டுத் தழை வேண்டும் என்றாள் மகள். தொட்டியில் இருந்த கற்பூரவல்லியைக் கிள்ளிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "சரியா இருக்கும்மா" என்றாள். பரங்கித் தோலையும் சுரைக்காய் நடுவையும் மிளகு போட்டுக் கொதிக்கவைத்து வடித்த தண்ணீரைத்தான் தானியம் வேக ஊற்றினோம். நெய்யில் தானியத்தை வறுத்து, காய்களைப் பிரட்டி, அந்தச் சாற்றைச் சூடாக ஊற்றி, கண்ணாடிச் சட்டியை இறுக மூடி ஓவனில் வைத்தோம். முழுத் தானியம் சீக்கிரம் வேகாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு திறந்து முந்திரி அரைத்ததைக் கலந்து, மேலே பன்னீரை உதிர்த்துப் போட்டு, மறுபடி மூடாமல் வைத்தோம். வாசனை வீடு முழுக்கப் பரவியது.

வேலைக்கு நடுவில் மகள் கேட்டாள். "ஏம்மா, இவ்ளோ பண்றியே, அவங்க சாப்பிடுவாங்கன்னு நினைக்கிறியா?"

"ஏன் சாப்பிட மாட்டாங்க? என்ன குறை வச்சிருக்கேன்?"

"நான் சமையல்ல குறைன்னு சொல்லல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உனக்கு எதையும் சந்தேகமாகவே பார்க்கத் தெரியும், இத்தனை வருஷப் பழக்கத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று திட்டினேன்.

நாலு மணிக்கு எல்லாம் தயார். நாலரை ஆயிற்று. அக்கா வரவில்லை. போன் செய்தேன். "பஸ் வரலைம்மா, நின்னுக்கினே இருக்கேன்" என்றார். ஆட்டோ பிடித்து வாங்கக்கா என்றேன். சரி என்றார். நான் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தேன். ஓவனை அணைத்தால் ஆறிவிடும், வைத்தால் காய்ந்துவிடும். மகள் இரண்டு முறை கரண்டியால் சூடான சாற்றை ஓரத்தில் விட்டு இளக்கினாள். ஜன்னல் வழியாக வந்த வெயில் சுவரில் மேலே ஏறிக்கொண்டே போனது. மார்கழி வெயில் அப்படித்தான், இருக்கிற மாதிரியே இருந்து சட்டென்று போய்விடும்.

ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்காரர் வந்தார். நாலு மணிக்கு இளநீர் வாங்கப் போனவர், வண்டி ரிப்பேர் கடையில் பேச உட்கார்ந்துவிட்டார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "உங்க கடை அக்காவைப் பார்த்தேனே. நம்ம பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்துக்கினு இருக்காங்க. இன்னும் வரலையா?" என்றார்.

"நம்ம பஸ் ஸ்டாப்பா?"

"ஆமா. நான் போகும்போதே இருந்தாங்க. இப்பவும் அங்கயேதான் இருக்காங்க. யாருக்கோ காத்துக்கினு இருக்காங்கன்னு நினைச்சேன்."

பாவம், வழி தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார், என்னிடம் சொல்லக் கூச்சப்படுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது. இன்னும் வெளிச்சம் இருக்கிறது, ஓடினால் கூட்டிவந்து உட்கார வைத்துவிடலாம் என்று கட்டின புடவையோடு கிளம்பினேன். இரண்டு தெருதான்.

முனையில் திரும்பியதும் அவர் தெரிந்தார். நிழற்குடைக்குள் சிமெண்ட் பலகையில் உட்கார்ந்திருந்தார். மடியில் பழப் பை. நல்ல புடவை கட்டியிருந்தார், தலையில் பூ வைத்திருந்தார். நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட வாயைத் திறந்தேன். அப்போது அவர் தலையைத் தூக்கிப் பாலாற்றுப் பக்கம் பார்த்தார். சூரியன் அங்கே மரங்களுக்கு மேலே இருந்தது. பார்த்துவிட்டுப் பையிலிருந்து போனை எடுத்தார். என் கையில் இருந்த போன் அடித்தது.

"இன்னும் பஸ் ஸ்டாண்டுலதாம்மா நிக்கறேன். ஒரு ஆட்டோவும் நிக்க மாட்டேங்குது. நீங்க எல்லாம் சாப்பிடுங்க, எனக்காகக் காத்துக்கினு இருக்காதீங்க."

நான் அவரைப் பார்த்துக்கொண்டே பேசினேன். "சரிக்கா, மெதுவா வாங்க" என்றேன்.

ரோட்டைக் கடந்துபோய் அவர் முன்னால் நின்றிருக்கலாம். சூப்பர்வைசரிடம் அவருக்காகச் சண்டை போட்டவள் நான், எனக்காக ஒரு வார்த்தை கேட்க எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷமாக அவர் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக நானே எடுத்துப் போட்டேன். கடைசியில் அவருக்கு மிஞ்சியது அந்தச் சூரியன் ஒன்றுதான். அது இறங்கட்டும் என்று அவர் உட்கார்ந்திருக்கிறார். இருட்டுவதற்குள் அவர் சாப்பிட வேண்டும் என்று தினமும் அவருக்குக் காவல் இருந்தது நான். திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தெரு விளக்கு எரிந்த பிறகு அக்கா வந்தார். வாசலிலேயே, "அடடா, இருட்டிடுச்சேம்மா. என் நேரம் பாரு" என்றார். முகத்தைப் பார்த்தால் உண்மையிலேயே வருத்தப்படுகிறவர் முகம் மாதிரியே இருந்தது. வீட்டைச் சுற்றிக் காட்டினேன். பூஜை அறையில் கை கூப்பினார். அடுக்களையில் குழாயில் கட்டியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்து அப்படியே நின்றார். மகள் அவருக்கு ஒரு தட்டை எடுத்தாள். "அவங்க இருட்டினா சாப்பிட மாட்டாங்க, எடுத்து வச்சிடு" என்று நானே சொன்னேன். வாய்ப் பழக்கம். தண்ணீர் வேண்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது, "அவ்ளோ ஆசையா இருந்தேம்மா. நாளைக்கு மத்தியானம் டப்பால எடுத்துக்கினு வா, நான் சாப்பிடறேன்" என்றார் அக்கா. அந்த இடத்தில்தான் எனக்குக் கண் கலங்கியது. முந்தின நாள் சமைத்ததை அவர் தொடவே மாட்டார். பழையது அவர்களுக்கு ஆகாது. அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தே சொன்னார். சரிக்கா என்று பஸ் ஏற்றிவிட்டேன், அதே நிறுத்தத்தில்.

வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். மேலே இருந்த பன்னீர் இறுகிப் பொரிந்திருந்தது, உள்ளே நன்றாகவே இருந்தது என்றார்கள். வீட்டுக்காரர் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு, "என்ன இத்தாலி, நம்ம பொங்கலை அடுப்புல விட்டுட்டு மறந்துட்டாங்க, அவ்ளோதான்" என்றார். மகள் சிரிக்கவில்லை. அவளிடம் மட்டும் பஸ் ஸ்டாப்பில் பார்த்ததைச் சொல்லியிருந்தேன். "பொய்ன்னு தெரிஞ்சும் ஏம்மா சும்மா இருந்த?" என்று கேட்டாள். நீ சொன்னதுதான் சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாப்பிடு என்றேன்.

மறுநாள் நான் டப்பாவில் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோனேன். மத்தியானம் ஸ்டாக் ரூமில் நாங்கள் இருவர் மட்டும்தான். அக்கா என் டப்பாவைப் பார்த்தார். ரிசோட்டோ எங்கே என்று கேட்கவில்லை.

"நேத்து உங்களைக் கூட்டிக்கினு போக நான் பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன்க்கா. நீங்க போன் பண்ணும்போது எதிர்ப்பக்கம்தான் நின்னுக்கினு இருந்தேன்" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. பிறகு அழ ஆரம்பித்தார்.

"சாப்பிட்டுடணும்னுதாம்மா வந்தேன். வீட்ல யாரும் ஒண்ணும் சொல்லல, அவங்களுக்குத் தெரியாது. நாலு மணிக்கு முன்னாடியே இறங்கிட்டேன். எழுந்து உன் வீட்டுப் பக்கம் ரெண்டு தடவை நடந்தேன். கால் வரல. எதுக்குன்னு எனக்கே தெரியல. சின்ன வயசுலேருந்து மனசுல ஏறினது, நான் என்ன பண்ணட்டும். அங்க உட்கார்ந்துக்கினு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீயா இருக்கறதாலதான் உண்மையைச் சொல்றேன்."

இந்தத் தடவை அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாமியார் திட்டுவார், ஊரில் பேசுவார்கள் என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன், மன்னித்தும் இருப்பேன். அவரைத் தடுத்தது யாருமில்லை, அவரேதான். அதை வைத்துக்கொண்டு அவர் படும் வேதனைக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டும் என்று வேறு அவர் எதிர்பார்க்கிறார். என் கை பழக்கத்தில் அவர் தோளுக்குப் போயிற்று. பாதியில் இழுத்துக்கொண்டேன்.

"நீங்க சொன்னது எல்லாத்தையும் மாத்தினேன்க்கா. சட்டியை மாத்தினேன், தண்ணியைக்கூட மாத்தினேன். சமைக்கிற கையை மாத்த எனக்குத் தெரியல" என்றேன்.

எழுந்து வந்து என் மேடையில் உட்கார்ந்துகொண்டேன். அன்று மாலை வெயில் இறங்கியபோது அக்கா என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து மடித்த புடவையையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். அவர் பட்டினி கிடப்பதும் எனக்குப் பொறுக்கவில்லை, என்ன செய்ய, என் புத்தி அப்படி. "போய் சாப்பிட்டுட்டு வாங்க, நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவர் போனார். இரண்டு மாதம் கழித்து என்னைக் காட்டன் புடவைப் பிரிவுக்கு மாற்றச் சொல்லி நானே கேட்டு, கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டேன். பார்த்தால் சிரித்துக்கொள்கிறோம். சாப்பிட்டாச்சா என்று மட்டும் இருவரும் கேட்டுக்கொள்வதில்லை.

அவர்கள் மதத்தை நான் குறை சொல்லவில்லை. அதே திருப்பருத்திக்குன்றத்துப் பெண் ஒருத்தி என் மகளோடு படித்தவள். எங்கள் வீட்டுக்கு வந்தால், "ஆன்ட்டி, இருட்டறதுக்குள்ள எனக்கு ரெண்டு தோசை ஊத்திக் குடுங்க" என்று உரிமையோடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவாள். அவளுக்கும் அதே வழக்கங்கள்தான், அதே சூரியன்தான். அக்கா கெட்டவரும் இல்லை. கெட்டவராக இருந்தால் ஒருநாள் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன். நல்லவர்களுக்குள்ளும் அந்த இரண்டாவது கேள்வி அப்படியே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு, நல்லவர் என்று யாரையும் முழுசாக நம்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

முன்பெல்லாம் யாரையாவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால், உங்களுக்கு எது ஆகாது என்றுதான் முதலில் கேட்பேன். இப்போது எங்கள் வீட்டில் சாப்பிடுவீர்களா என்று நேராகக் கேட்டுவிடுகிறேன். பதில் வருவதற்கு முன்னால் அவர்கள் முகத்தில் ஒரு நொடி ஏதாவது வந்துபோகிறதா என்று என் கண் தானாகவே பார்க்கிறது. அந்த ஒரு நொடியைப் பார்க்கத் தெரிந்துகொண்டதுதான் எனக்குக் கிடைத்த பாடம். அது தெரியாமலேயே இருந்திருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.